பத்து நிமிடத் தீர்ப்பு

என் தங்கைக்குக் கல்லூரியில் வைத்த பெயர் 'பத்து நிமிஷம்'. பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் வேறொன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது. எனக்கும் அங்கே பெயர் கிடையாது. கல்லூரி வாசலுக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அதனால் எல்லோருக்கும் நான் 'ஜெராக்ஸ் அண்ணன்'. ஓய்வு பெற ஆறு மாதமே இருக்கும் நூலகர்கூட என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார். எனக்கு வயது இருபத்தாறு.

அந்தப் பெயரை அவள் எப்படிச் சம்பாதித்தாள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம். செமஸ்டரின் முதல் வாரம் எந்த வகுப்பில் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து பார்க்கலாம். பிடித்தால் பெயரைப் பதியலாம், பிடிக்காவிட்டால் வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் எடுத்துவிடலாம். மற்ற பிள்ளைகள் இரண்டு மூன்று வகுப்புகளை எட்டிப் பார்ப்பார்கள். என் தங்கை பதினான்கு பார்ப்பாள். அதுவும் இரண்டே நாளில். பின்கதவுப் பக்கம் கடைசி பெஞ்சில் உட்காருவாள், பையைத் தோளிலிருந்து இறக்க மாட்டாள், சரியாகப் பத்து நிமிடம் ஆனதும் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். செவ்வாய்க்கிழமை மதியம் என் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, ஆசிரியர்கள் ஒவ்வொருவரையும் பற்றி இரண்டு வரி எழுதுவாள். நான் ஜெராக்ஸ் போடுவேன். சாயங்காலத்துக்குள் கல்லூரி முழுக்க அந்தத் தாள் சுற்றிவிடும்.

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் எழுதுவாள். இந்த செமஸ்டர் பட்டியலிலிருந்து இரண்டு மாதிரி தருகிறேன்.

'பொருளாதாரம்: பத்து நிமிடத்தில் தன் மருமகனைப் பற்றி மூன்று முறை சொன்னார். கேள்வித்தாளில் மருமகன் வரமாட்டார் என்று நம்புவோம்.'

'வேதியியல்: மேடத்தின் கையெழுத்து மணிமணியாக இருக்கிறது. கோபமும் அப்படியே. முன் பெஞ்சைத் தவிர்க்கவும்.'

பிள்ளைகள் இதை அப்படியே நம்புவார்கள். ஐந்து செமஸ்டராக நம்பி வந்திருக்கிறார்கள். அவள் தங்கம் என்று எழுதினால் அந்த வகுப்பில் நிற்க இடம் இருக்காது. உதட்டைப் பிதுக்கினால் அங்கே ஈ ஓட்டுவார்கள். இப்போது நடப்பது ஆறாவது செமஸ்டர், அதாவது கடைசி. இதை முடித்ததும் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் அவளுக்கு வேலை தயாராக இருக்கிறது. எங்கள் அப்பா ஒரு பெரிய மருத்துவமனையில் லிஃப்ட் இயக்குகிறார். மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை, லிஃப்டில் ஏறுகிற அத்தனை பேருக்கும் நாலாவது மாடி வருவதற்குள் முழுசாகச் சொல்லி முடித்துவிடுகிறார். கதவு மூடியிருப்பதால் யாரும் தப்பிக்க முடியாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பட்டியலின் கடைசி வரி இப்படி இருந்தது:

'புள்ளியியல் (ஆசிரியர் புதியவர்): பேச்சு வாயை விட்டு வெளியே வரவில்லை. பலகையில் ஒரு கோடு போட்டார், பிறகு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். போகிறவர்கள் தலையணை எடுத்துக்கொண்டு போகவும்.'

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்ததோடு விட்டேனா? அந்த வரியை மட்டும் பெரிதாக்கி, கடை முகப்பில் ஒட்டியும் வைத்தேன். பின்னால் அவளைத் திட்டும்போது இதை மறந்துவிட்டேன், அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

புதன்கிழமை அவளைக் கல்லூரி அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கே பதிவுப் பிரிவில் ஒரு மேடம் இருக்கிறார், பிள்ளைகளின் தலையெழுத்தெல்லாம் அவர் கோப்பில்தான்.

"ரெண்டாவது செமஸ்டர்ல புள்ளியியல் எடுத்துட்டுப் பாதியில விட்டிருக்கியேம்மா. அது இல்லாம உனக்கு டிகிரி வராது."

அப்போது இருந்த ஆசிரியர் வேறு. அவரைப் பற்றி இவள் 'கண்ணாடியைத் துடைப்பதிலேயே பாதி வகுப்பு போய்விடும்' என்று எழுதிவிட்டு ஓடிவந்தது எனக்கு நினைவிருக்கிறது.

"அப்புறமா எடுத்துக்கலாம்னு நினைச்சேன் மேடம்."

"அந்த அப்புறம் இதுதான். இப்பவே பேரைப் பதிஞ்சுக்கோ. ஆனா ஒண்ணு, பன்னிரண்டு பேராவது இருந்தாத்தான் வகுப்பு நடக்கும். இல்லன்னா வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அதை மூடிடுவோம். நீ அடுத்த வருஷம் இந்த ஒரு பாடத்துக்காக வரணும்."

"இப்ப எத்தனை பேர் மேடம்?"

"திங்கட்கிழமை முப்பத்திநாலு பேர் இருந்தாங்க. என்ன மாயமோ, நேத்து சாயங்காலத்துலேர்ந்து ஒவ்வொருத்தரா வந்து பேரை எடுத்துட்டுப் போறாங்க. இப்ப ஒன்பது. உன்னோட சேர்த்துப் பத்து." மேடம் குரலைத் தாழ்த்தினாராம். "யாரோ தலையணை, அது இதுன்னு எழுதி விட்டிருக்காங்களாம். கையில கிடைச்சா வெச்சுக்கிறேன்."

என் தங்கை பெயரைப் பதிந்துவிட்டு, சத்தம் காட்டாமல் நழுவி நேராக என் கடைக்கு வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. நடந்ததைச் சொன்னாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டியே. முப்பத்திநாலு பேரையும் விரட்டிட்டு இப்ப நீ போய் உக்காருறியா?"

"எனக்குத் தெரியுமா அண்ணா, அது கட்டாயப் பாடம்னு?"

"உனக்குத் தேவையில்லன்னா எதை வேணா எழுதுவியா?"

அவள் கடை முகப்பில் நான் ஒட்டி வைத்திருந்ததை ஒரு பார்வை பார்த்தாள். நான் எழுந்து போய் அதைக் கிழித்தேன்.

மறுநாள் காலை, கடையைத் திறந்த கையோடு ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், ஒல்லியான ஆள், கையில் கைப்பிடியருகே தைத்து ஒட்டுப் போட்ட துணிப்பை. கவுண்டரில் கிடந்த பட்டியலை எடுத்து முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் நிதானமாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். நல்ல கணீரென்ற சிரிப்பு, சாலையில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்லா எழுதியிருக்காங்களே. யாரு தம்பி எழுதினது?"

"தெரியல சார். யாரோ பசங்க."

"நான்தான் அந்தக் கடைசி வரி."

மெஷினில் காகிதம் சிக்கியதுபோல் குனிந்து எதையோ தேடினேன். அவர் விடவில்லை, கன்னத்தை விரலால் இழுத்துக் காட்டினார்.

"திங்கட்கிழமை காலையில கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினாங்க தம்பி. வாய் பூரா பஞ்சு. லீவு போட்டா, புதுசா வந்தவன் முதல் நாளே வரலன்னு பேராயிடும். அதான் போனேன். பேச்சு வாயை விட்டு வெளிய வரலைங்கறது நூத்துக்கு நூறு உண்மை. வந்திருந்தா கூடவே பஞ்சும் வந்திருக்கும்."

"வேற வகுப்பு ஏதாவது இருக்குதா சார் உங்களுக்கு?"

"இங்க எனக்கு இந்த ஒண்ணுதான். இதை மூடினா வீட்ல உக்காந்து ஜன்னலை எண்ணணும்." அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு பட்டியலை என்னிடம் நீட்டினார். "இதுல பன்னிரண்டு காப்பி போடுங்க."

"பன்னிரண்டா சார்? பத்துப் பேர்தான் இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன்."

"பன்னிரண்டு இருந்தாத்தானே வகுப்பு. இருப்பாங்கன்னு நம்பித்தான் வாங்கறேன்."

அவர் போன பிறகு வெகுநேரம் எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு மனுஷனின் பிழைப்பைப் பெரிய எழுத்தில் ஒட்டிவைத்துச் சிரித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

தங்கை மதியம் வந்தாள். பல் விஷயத்தைச் சொன்னதும் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். "நான் பத்தாவது நிமிஷம் எழுந்து வந்துட்டேன். அவர் கன்னம் வீங்கியிருந்தது அண்ணா. பார்த்தேன். குண்டான கன்னம்னு நினைச்சேன்," என்றாள். பிறகு தாள் கேட்டு வாங்கித் திருத்தம் எழுதினாள். எழுதியது அவ்வளவும் உண்மை. ஆசிரியருக்குப் பல் பிடுங்கியிருந்தது, நான் பத்து நிமிடத்தில் முடிவு கட்டிவிட்டேன், என் மேல்தான் தவறு, தயவுசெய்து பெயரைத் திரும்பப் பதியவும்.

நூறு காப்பி போட்டேன். ஒருவர் நம்பினால்தானே. ஐந்து செமஸ்டராக அவள் ஊகத்தையெல்லாம் வேதமாக எடுத்துக்கொண்ட பிள்ளைகள், முதல்முதலாக அவள் விசாரித்து எழுதியதைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்கள். அந்த ஆசிரியர் எங்களுக்கு மாமா முறை என்று ஒரு கட்சி. அவளை மிரட்டிவிட்டார்கள் என்று இன்னொரு கட்சி. "பல்லாம், பிடுங்கினாங்களாம், கதையைப் பாரு" என்று என் கடை வாசலிலேயே நின்று பேசினார்கள். ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டு, "ஏம்மா, நான் பார்த்தேன், என்கிட்ட வாயைத் திறந்து காட்டினாரு," என்றேன். "நீங்க அவளோட அண்ணன்தானே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

வலையில் விழுந்தது ஒரே ஒருவன். இரண்டாம் ஆண்டு பையன், எந்நேரமும் அரைக்கண் மூடித்தான் நடப்பான்.

"தலையணைன்னு எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் அக்கா சேரலாம்னு இருந்தேன். ராத்திரி வேலைக்குப் போறேன், பகல்ல ஒரு மணி நேரம் தூங்க இடம் வேணும். இப்ப திருத்தம் வந்ததும் யோசனையா இருக்கு."

என் தங்கை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நல்லாத் தூக்கம் வரும்பா. நான் உத்தரவாதம்," என்றாள். அவனைக் கையோடு அழைத்துப் போய்ப் பதிய வைத்துவிட்டு வந்தாள். பதினொன்று.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணி. பதினொன்று பதினொன்றாகவே நின்றது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா இன்னிக்குக் காலையில ஒரு டாக்டர்கிட்ட சொல்லிட்டாராம். அந்த டாக்டர் இறங்கும்போது எனக்கு வாழ்த்து சொன்னாராம்," என்றாள். அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாள்.

என் கடையில் சுவரோடு ஓர் அடுக்கு உண்டு. கல்லூரியின் எல்லா விண்ணப்பத் தாள்களும் அறை அறையாக இருக்கும். அவள் கண் அங்கே போனது. நாலாவது அறையில் நின்றது. பிறகு என் மேல் திரும்பியது. நாலாவது அறையில் இருப்பது தனிப்பாட மாணவர் விண்ணப்பம். பள்ளி இறுதி முடித்த யாரும், எந்த வயதானாலும், செமஸ்டருக்கு ஒரே ஒரு பாடம் சேர்ந்து படிக்கலாம். எத்தனை நூறு காப்பி போட்டிருப்பேன், எனக்கு மனப்பாடம்.

"அண்ணா."

"வாயைத் திறக்காதே."

"நான் ஒண்ணுமே சொல்லலையே."

"சொல்லாததே காதுல விழுது."

"பேருக்குத்தான் அண்ணா."

"பேருக்கா? ரெண்டாவது வாரம் வராதவங்க பேரை அடிச்சிடுவாங்க. அந்த அறிவிப்பையும் நான்தான் ஜெராக்ஸ் போட்டேன்."

"அப்ப வந்து உக்காரு."

"எனக்குப் படிப்பு ஏறாது. உனக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீ சொல்லித்தான் தெரியும்."

இந்த இடத்தில் என் கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எட்டு வருடத்துக்கு முன் நானும் இதே கல்லூரியில் சேர்ந்தவன்தான். முதல் வாரம் கணக்கு வகுப்பில் உட்கார்ந்தேன். மற்றவர்கள் தலையாட்டினார்கள், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சனிக்கிழமை அப்பாவிடம் போய், "எனக்குப் படிப்பு ஏறாதுப்பா" என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்றார். அன்றிலிருந்து வாசலுக்கு இந்தப் பக்கம். எல்லாப் பாடக் குறிப்புகளும் என் கை வழியாகத்தான் போகின்றன. சூடாக வெளியே வரும் தாளை அடுக்கிப் பழக்கம், படித்துப் பழக்கமில்லை.

மணி மூன்று முப்பத்தெட்டு. அவள் அதற்குமேல் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் திட்டிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். பேசாமல் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். அதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை. நாலாவது அறையிலிருந்து ஒரு தாளை உருவினேன். 'கடைசியாகப் படித்தது' என்ற இடத்தில் என் பேனா கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

அலுவலகத்தில் பதிவு மேடம் நிமிர்ந்து பார்த்தார். "என்ன ஜெராக்ஸ் அண்ணா, காப்பி குடுக்க வந்தீங்களா?"

"இல்ல மேடம். சேர வந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். நாலு மணிக்கு எட்டு நிமிடம் இருந்தது. "உங்க பேரே இன்னிக்குத்தான் தெரியுது," என்று சொல்லிவிட்டு முத்திரையைக் குத்தினார். பன்னிரண்டு.

திங்கட்கிழமை கடைக் கதவைப் பாதி இறக்கி, 'ஒரு மணி நேரத்தில் வருவேன்' என்று எழுதி மாட்டிவிட்டு வகுப்புக்குப் போனேன். கடைசி பெஞ்சில் தூங்குமூஞ்சிப் பையனுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தேன். அவன் உண்மையிலேயே ஸ்வெட்டரைச் சுருட்டித் தலைக்கு வைத்துத் தயாராக இருந்தான். என் தங்கை முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பையை இறக்கித் தரையில் வைத்திருந்தாள்.

ஆசிரியர் உள்ளே வந்து, வணக்கம் என்று சொன்னதில் பையன் தூக்கிவாரிப்போட்டு எழுந்தான். அந்தக் குரலுக்கு எதிரே யாரும் தூங்க முடியாது. துணிப்பையிலிருந்து தாள்களை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். என் மெஷினில் போட்ட அதே பட்டியல். பன்னிரண்டும் தீர்ந்தது, ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவர் அதைக் கவனித்தார், நானும் கவனித்தேன்.

"ஒவ்வொரு வரியா படிங்க. எழுதினவர் கண்ணால பார்த்தது எதுவோ அதுக்குக் கீழ கோடு போடுங்க. அதுலேர்ந்து ஊகிச்சது எதுவோ அதைச் சுத்தி வட்டம் போடுங்க. என்னை எடுத்துக்குங்க. பலகையில கோடு போட்டார், அது பார்த்தது. பேச்சு வெளிய வரல, அதுவும் பார்த்தது. தலையணை?"

"வட்டம் சார்," என்றான் பக்கத்திலிருந்த பையன், மனத்தாங்கலோடு.

என் தங்கை எழுந்தாள். காது சிவந்திருந்தது. "சார், அதை எழுதினது நான்தான். மன்னிச்சிடுங்க."

"தெரியும்மா. பையை இறக்காம உக்காந்திருந்தது நீங்க ஒருத்தர்தான். நீங்க என்னைப் பார்த்த அதே பத்து நிமிஷம் நானும் உங்களைப் பார்த்தேன். உங்களைப் பத்தி நானும் ஒரு வரி எழுதி வெச்சேன்." நோட்டைப் புரட்டிப் படித்தார். "'இந்தப் பொண்ணு திரும்பி வராது.' என்னோடதுக்கும் வட்டம் போட்டுக்குங்க. உக்காருங்க."

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"இப்ப ஆளுக்கு ஒரு தாள் எடுங்க. உங்க வாழ்க்கையில நீங்க ரொம்ப நாளா நம்பிட்டு இருக்கிற தீர்ப்பு ஒண்ணை எழுதுங்க. அதுக்கு எவ்வளவு நேரம் பார்த்தீங்க, அதையும் பக்கத்துல எழுதுங்க. யாருக்கும் காட்ட வேண்டாம்."

நான் எழுதினேன். 'எனக்குப் படிப்பு ஏறாது.' பக்கத்தில் எழுதினேன்: 'ஐந்து நாள்.' எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எட்டு வருடம் நம்பியதற்கு ஐந்து நாள்தான் ஆதாரம். அந்தக் கணக்கில் பார்த்தால் என் தங்கையே தேவலாம், பத்து நிமிடத் தீர்ப்பை இரண்டே நாளில் திருத்திக்கொண்டாள். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. யாருக்கும் காட்ட வேண்டாம் என்றுதான் சொன்னார், ஆனால் பக்கத்துப் பையன் அரைக்கண்ணால் எட்டிப் பார்த்துவிட்டான்.

"அண்ணா, அஞ்சு நாள் ரொம்பக் கம்மி," என்றான்.

அந்த வெள்ளிக்கிழமை தங்கை ஒரு புதிய பட்டியல் எழுதிக்கொண்டு வந்தாள். மொத்தமே நாலு வரி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் எத்தனை மணி நேரம் பார்த்தாள் என்று குறித்திருந்தாள். நாலாவது வரி இது:

'புள்ளியியல், கடைசி பெஞ்சில் ஒரு புதிய மாணவர்: விரலெல்லாம் மை. மூன்று மணி நேரம் பார்த்தேன். இரண்டாவது வகுப்பில் கை தூக்கி ஒரு கேள்வி கேட்டார், ஆசிரியர் நல்ல கேள்வி என்றார். முடிவு சொல்ல இன்னும் பார்க்க வேண்டும்.'

அவள் எத்தனை கேட்டாளோ அத்தனை காப்பி போட்டேன். அப்பாவுக்கென்று ஒன்று கூடுதலாகப் போட்டேன். அவர் அதை லிஃப்டுக்குள் பொத்தான்களுக்கு மேலே ஒட்டியிருக்கிறாராம்.